மூன்றாவது கூப்பாடு

டைப் அடிக்கும்போது வாய்க்குள் முணுமுணுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த டைப்ரைட்டிங் நிலையத்தில் மாஸ்டர் எவ்வளவோ திட்டிப் பார்த்தார், போகவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிச் சொல்லி அடித்தால்தான் தப்பு வராது என்று ஒரு பயம். சொல்லி அடித்தாலும் சந்தேகம் தீராது. அடித்ததை இன்னொரு தரம் படிப்பேன், அப்புறம் இன்னொரு தரம். கார்பன் தாளைத் திருப்பி வைத்துவிட்டோமோ என்று பாதிப் பக்கத்தில் எடுத்துப் பார்ப்பேன். ஒன்பதாம் வகுப்பில் பரீட்சை எழுத உட்கார்ந்து மயங்கி விழுந்தேன். மறுபடியும் அனுப்பினார்கள், மறுபடியும் விழுந்தேன். 'இதுக்குப் படிப்பு ஒத்துக்கல' என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். விரல் மட்டும் நன்றாக ஓடும். இங்கிலீஷில் பாதிக்கு அர்த்தம் தெரியாது, எழுத்து தெரியும். டைப்புக்கு அது போதும் என்றார் மாஸ்டர்.

எழுபதுகளின் கடைசி அது. சாலவாக்கம் போகிற வழியில், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் டீச்சரம்மா வீடு. மாஸ்டருக்கு அவர் பழக்கம். 'நிதானமான பொண்ணு ஒண்ணு வேணும்' என்று கேட்டாராம். என்னைத்தான் அனுப்பினார். நிதானம் இல்லை, பயம் என்று நான் சொல்லவில்லை.

டீச்சரம்மா செங்கல்பட்டுப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு ஒரே தம்பி. வேதக்கோயில் சாமியார், அதாவது பாதிரியார். போர்த்துகீசியர்கள் கப்பலில் வந்து இறங்கிய காலத்துக் கோயில் காகிதங்களைப் படிக்கத் தெரிந்தவர் என்று அவரை மெட்ராஸில் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கோயில்களில் யார் யாருக்கு என்னென்ன பதவி, அந்தப் பதவிகளுக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று எழுதித் தருவது அவர் வேலை. பாதி முடித்திருந்தபோது ஒருநாள் பூசையில் நின்றபடியே சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அக்காதான் அவரைப் பிறந்த வீட்டுக்கே கொண்டுவந்து வைத்திருந்தார்.

முடித்த பக்கங்களையாவது சுத்தமாக அடித்து அனுப்பிவிட வேண்டும் என்பதற்காகத்தான் நான். ஒவ்வொரு தாளிலும் இடது பக்கம் போர்த்துகீசியச் சொல், வலது பக்கம் இங்கிலீஷ். அந்தத் தாள்கட்டில் பாதிக்கு மேல் வலது பக்கம் காலியாக இருந்தது. 'அதை வேற யாராவது முடிச்சிப்பாங்க. நீ இருக்கிறதை மட்டும் அடிம்மா' என்றார் டீச்சரம்மா.

கூடத்தில் ஜன்னலோரம் மெஷின். அதற்கு நேராக உள்ளறை வாசல். கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும். வெயில் கண்ணில் பட்டால் அவர் முனகுவார் என்று உள்ளே ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பார்கள். கூடத்து வெளிச்சத்திலிருந்து பார்த்தால் கட்டிலின் கால்மாடும் வெள்ளைப் போர்வையும் மட்டும் தெரியும். முகம் தெரியாது. ஆனால் அவர் என்னைப் பார்க்கிறாரோ என்று எனக்கு முதுகுத்தண்டு குறுகுறுக்கும். நேராகப் பார்த்துவிட்டால் பரவாயில்லை. அதற்கும் தைரியம் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. வரி முடியும் இடம் நெருங்கும்போது மெஷினில் ஒரு சின்ன மணி அடிக்கும் இல்லையா, அது அடிக்கும்போதெல்லாம் உள்ளே போர்வை அசையும். முதலில் காற்று என்று நினைத்தேன். அப்புறம் கவனித்தேன். நல்லாயிருக்கிற இடது கையைத் தூக்கி நெஞ்சில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். பூசையில் மணி அடித்தால் அப்படித் தட்டிக்கொள்வார்களாம். அது தெரிந்ததிலிருந்து வரி முடிவதற்குள் கம்பியை இழுத்து மணி அடிக்காமல் தப்பிக்கப் பார்ப்பேன். அதில் வேறு தப்பு விழும்.

ஒருநாள் உச்சி வேளை. காலி வரிகள் ஆரம்பிக்கும் பக்கத்துக்கு வந்திருந்தேன். 'விகாரியோ ட வாரா' என்று இருந்தது. வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கத்தை மட்டும் அடிக்கலாமா, விட்டுவிடலாமா என்று குழப்பம். டீச்சரம்மா கிணற்றடியில் இருந்தார். நான் பழக்கதோஷத்தில் அந்தச் சொல்லைப் படித்தேன். எழுத்து சரிதானா என்று இன்னொரு தரம் படித்தேன். அடித்துவிட்டு மூன்றாம் தரமும் சத்தமாகவே படித்தேன்.

"விகார் ஃபொரேன்" என்றது உள்ளறை.

கனத்த, தெளிவான குரல். கூட்டத்தில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று சொல்வதுபோல. நான் கையை மெஷின்மேலிருந்து எடுக்கவில்லை. சமையலறையில் ஏதோ பாத்திரம் உருண்டது. அங்கே சமைத்துக்கொண்டிருந்தவர் அதே ஊர்க்காரர், நான் அத்தை என்று கூப்பிடுவேன். கரண்டியோடு ஓடி வந்தார்.

"யாரு பொண்ணே? வூட்டுக்கு ஆம்பள யாராவது வந்துகீறாங்களா?"

நான் உள்ளறையைக் காட்டினேன். அத்தை அந்தப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார், கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

டீச்சரம்மா ஈரக் கையோடு வந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கட்டிலருகே போய் மண்டியிட்டார். "சாமி... சாமி, பேசினீங்களா? என்னைப் பாருங்க சாமி." ஒரு சத்தமும் இல்லை. அழுதுகொண்டே திரும்பி வந்து தாளை எடுத்து அடுத்த சொல்லைத் தானே படித்தார். பதில் இல்லை. மறுபடி படித்தார், இல்லை. மூன்றாம் தரம் படித்தபோது, படித்து முடிக்குமுன் வந்தது: "பிரிசென்டர்." கோயிலில் பாட்டுக்குத் தலைவராம். முதலில் சொன்னது, சுற்றுவட்டாரக் கோயில்களுக்குப் பொறுப்பான சாமியாராம்.

அன்றிலிருந்து என் வேலை மாறிவிட்டது. நான் படிக்க வேண்டும், அவர் சொல்ல வேண்டும், டீச்சரம்மா எழுத்துக்கூட்டிச் சொல்ல நான் அடிக்க வேண்டும். ஆஸ்பத்திரி டாக்டர், மூளையில் ஒரு மூலை மட்டும் விழாமல் இருக்கும், வருஷக்கணக்காகச் செய்த வேலை அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் என்றாராம். மூன்று தரம் கேட்பது காதிலிருந்து உள்ளே போய்ச் சேர நேரமாவதால் என்றாராம். எனக்கு அது சமாதானமாக இருந்தது, அத்தை வாயைத் திறக்கும்வரை.

"டாக்டரு பட்டணத்துல பொறந்தவரு, அவருக்கு இன்னா தெரியும்" என்றார் அத்தை, அரிசி களைந்துகொண்டே. "இந்தப் பக்கம் கொயந்தைங்களுக்கு இன்னா சொல்லி வளக்கறோம்? உச்சியில, அந்தில யாராவது கூப்டா ஒடனே ஏன்னு கேக்காத. பேயி ரெண்டு தபாதான் கூப்புடும். மூணாந்தபா அதால முடியாது. மூணாவது கூப்பாட்டுக்குப் பேசு, மனுசன்னு அர்த்தம். இவரும் இந்த ஊருலதான பொறந்தாரு?"

"அதுக்கு இன்னா அத்தே?"

"இன்னாவா? அவரு அங்கேந்து மூணு தபா பாத்துட்டுத்தான் பதில் சொல்றாரு. நம்மளத்தான் பேயின்னு நெனச்சி பயந்துக்கினு கீறாரு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பஸ்ஸில் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இருட்டறைக்குள் படுத்திருக்கும் ஒருவருக்கு, வெளியே வெளிச்சத்தில் உட்கார்ந்து, செத்துப்போனவர்களின் பதவிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிற பெண் குரல் என்னவாகக் கேட்கும்? வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போகவிட மாட்டார்கள். போகாமல் இருக்கவும் எனக்கு மனசில்லை. ஏனென்றால் டீச்சரம்மா.

அவர் ஒருநாள் மோர் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க வீட்ல அவருக்குக் குருப்பட்டம் குடுத்த அன்னிக்கு அம்மா அவர் முன்னாடி முட்டி போட்டாங்க. பெத்த அம்மா. அன்னிலேருந்து எல்லாருக்கும் அவர் சாமி. எனக்கும்தான். அவரும் ஜனங்க எதிர்ல என்னை டீச்சர்னு கூப்பிட்டுப் பழகிட்டார். வீட்டுக்குள்ளயும் அதுவே வந்துடுச்சு." காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, "போறதுக்குள்ள ஒரு தடவை அக்கான்னு கூப்பிட்டா போதும். வேற ஒண்ணும் வேணாம்மா" என்றார்.

காலி வரிகள் தீர்ந்துகொண்டே வந்தன. அந்தக் குரல் அந்தத் தாள்களுக்கு மட்டும்தான் வந்தது. பசிக்கிறதா என்று கேட்டால் வராது, வலிக்கிறதா என்று கேட்டாலும் வராது. தாள் தீர்ந்தால் குரலும் தீர்ந்துவிடும். எனக்கே தெரிந்தது டீச்சரம்மாவுக்குத் தெரியாதா. முதலில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்றார், அப்புறம் அரைப் பக்கம், அப்புறம் நாலைந்து சொல். நான் பஸ் பிடித்து வந்து, நாலைந்து சொல் படித்துவிட்டு, மீதி நேரம் பழைய பக்கங்களைச் சரிபார்க்கிறேன் என்று உட்கார்ந்திருப்பேன். பதில் வந்த சொல்லையே மறுபடி படித்தும் பார்த்தார் டீச்சரம்மா. மூன்று தரம், ஆறு தரம். உள்ளே அமைதி. "முடிச்ச வேலையை மறுபடி தொட மாட்டார். சின்ன வயசிலேருந்தே அப்படித்தான்" என்று தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

சில சொற்கள் என்னைப் படுத்தின. 'செ வக்காந்தே' என்று ஒன்று. அதற்குச் சாமியார் சொன்ன இங்கிலீஷுக்கு அர்த்தம் கேட்டேன். பிஷப் செத்துப்போய் அடுத்தவர் இன்னும் வந்து சேராத காலம், ஆசனம் காலி என்றார் டீச்சரம்மா. கப்பலில் வர வேண்டியவர் வருஷக்கணக்காக வரமாட்டாராம். அதுவரை அந்தக் காலி நாற்காலியின் பெயரால் உத்தரவு போடுவார்களாம். கூடத்தில் சாமியார் முன்பு உட்கார்ந்து எழுதிய பிரம்பு நாற்காலி ஒன்று கிடந்தது. அதற்கப்புறம் என் பையை அதன்மேல் வைப்பதை நிறுத்திவிட்டேன்.

கடைசிச் சொல் வந்த அன்றைக்கு ஏரிப்பக்கம் ஒரு காற்றுகூட இல்லை. டீச்சரம்மா காலையிலேயே தலைக்குக் குளித்து நல்ல புடவை கட்டியிருந்தார். தாளில் 'அந்தடோர் தாஸ் அல்மாஸ்' என்று இருந்தது. நான் மூன்று தரம் படித்தேன். பதில் வர நேரமாயிற்று. இனிமேல் வராது என்று நினைத்தபோது, ஒவ்வொரு வார்த்தையாக, மூச்சு வாங்கி வாங்கி வந்தது: "தி மேன்... ஹூ வாக்ஸ்... ஃபார் தி சோல்ஸ்."

அத்தை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னா சொல்றாரு?"

"அந்தக் காலத்துல ஒருத்தர் மணி அடிச்சிட்டுத் தெருத்தெருவா போவார். செத்தவங்க ஆத்துமாவுக்காக வேண்டிக்கோங்கன்னு கேட்டுட்டுப் போவார்" என்றார் டீச்சரம்மா.

"அட, நம்ம குடுகுடுப்பக்காரன்! உங்க கோயில்லயும் உண்டா?"

டீச்சரம்மா லேசாகச் சிரித்தார். நான் அந்த வரியை அடித்தேன். வரி நீளம். மணி அடித்துவிட்டது. உள்ளே கை நெஞ்சைத் தட்டும் சத்தம் கேட்டது.

தாள் முடிந்தது. டீச்சரம்மா உள்ளறை வாசலில் போய் நின்று, "சாமி" என்றார். காத்திருந்தார். "சாமி." மறுபடியும், "சாமி." அந்தப் பட்டங்களைப் படித்த அதே ராகத்தில்தான் கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை.

"எம்மா, நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது" என்றார் அத்தை. "செத்தவன் பட்டத்தயெல்லாம் கூப்டா பதில் வருது. அவரு பட்டத்தக் கூப்டா வரல. அவரு அதக் கயட்டி வெச்சிட்டாரும்மா. பயைய மாதிரி கூப்புட்டுப் பாருங்க."

"பைத்தியமா உனக்கு? பட்டம் குடுக்கும்போது எண்ணெய் பூசின கை அது. அது சாகிறவரைக்கும் போகாது."

"எண்ணெ போவாது. கூப்புடறதுக்கு இன்னா?"

டீச்சரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். முகத்தைத் தரையைப் பார்த்து வைத்துக்கொண்டு, எங்களுக்கே கேட்காத குரலில், "தம்பி" என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, "தம்பி." மூன்றாவது தரம் அந்தக் குரல் உடைந்து கூடம் முழுக்கக் கேட்டது.

"யங்கர் பிரதர்" என்றது உள்ளறை.

அதே கனத்த குரல். அதே நிதானம். பாட்டுத் தலைவருக்கும் காலி நாற்காலிக்கும் சொன்ன மாதிரியே. அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். டீச்சரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அழவில்லை. பள்ளிக்கூடத்தில் பேசும் குரலில், "அதையும் அடி" என்றார். அடித்தேன். இடது பக்கம் என்ன போடுவது என்று கேட்கத் தைரியம் இல்லை. காலியாக விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஒரே ஒரு நாள்தான் போனேன், பக்கங்களை வரிசைப்படுத்திக் கட்டித் தர. டீச்சரம்மாவுக்குக் கிடைத்ததும் பறிபோனதும் அந்த இரண்டு வார்த்தையில்தான் என்று எனக்குப் பட்டது. அதற்கு முன்னால் வரை ஒருவேளை அக்கா என்று கூப்பிடுவார் என்று இருந்தது. இப்போது தம்பி என்று கூப்பிட்டும் பார்த்தாயிற்று. வேலை முடிந்ததும் சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். சமையலறையில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பு. வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. எங்கோ தூரத்தில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் நின்றுபோயிற்று.

"அக்கா."

சோற்றில் இருந்த என் கை அப்படியே நின்றது.

அந்தக் கனத்த குரல் இல்லை. சின்னக் குரல். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து கூப்பிடும் பையன் குரல் போல, மூச்சு வாங்கிக்கொண்டு.

டீச்சரம்மா எழுந்தார். அத்தை எச்சில் கையோடு அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "வேணாம்மா. உச்சி வேள. மொதக் கூப்பாட்டுக்கு ஏன்னு கேக்காதீங்க. மூணாவட்டும். மனுசனா இருந்தா மூணு தபா கூப்புடும். ஒக்காருங்கம்மா."

நானும், "இருங்க டீச்சரம்மா" என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். கோபமில்லை. பரிதாபமாகப் பார்த்தது போல இருந்தது. கையை உதறிக்கொண்டு, நான் அதுவரை அவர் வாயில் கேட்டேயிராத பேச்சில், "ஏன்டா தம்பி! இதோ வந்துட்டேன், இன்னாடா வோணும்?" என்று கூவிக்கொண்டே உள்ளே ஓடினார்.

இரண்டாவது கூப்பாடு வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். மூன்றாவதும் வரவில்லை.

"உனுக்கும் கேட்டுச்சி இல்ல?" என்றார் அத்தை, மெதுவாக.

"கேட்டுது அத்தே."

"எங்கேந்து?"

"ரூம்லேந்துதான்."

அத்தை தலையை ஆட்டினார். கையை அலம்பாமலேயே பின்கதவைக் காட்டினார். "எனுக்குக் கெணத்தாண்டேந்து கேட்டுச்சி."

பின்கதவு திறந்துதான் இருந்தது. கிணற்று மேடையில் வெயிலும் காலி வாளியும் இருந்தன. எட்டிப் பார்க்க இருவருக்கும் துணிவில்லை. அத்தை காலாலேயே கதவைத் தள்ளிச் சாத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளறை வாசலுக்குப் போனேன். முதல் தடவையாக அந்த ஜன்னல் திறந்திருந்தது. சாமியார் எப்போதும்போலக் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். உதடு சேர்ந்தே இருந்தது. முகம் அத்தனை வயசானது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டீச்சரம்மா கட்டில் விளிம்பில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அவருடைய இடது கையைத் தன் இடது கையில் வைத்திருந்தார். வலது கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. குனிந்து அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஏரியில் தண்ணீர் வற்றியது, யார் வீட்டு மாடு யார் வயலில் இறங்கியது என்று, சின்னப் பிள்ளைகள் பேசிக்கொள்வது மாதிரி. அவர் கேட்டாரா என்று தெரியவில்லை.

சாலவாக்கத்திலிருந்து திரும்பும் பஸ் ஏரிக்கரைத் திருப்பத்தில் ஹாரன் அடித்தது. அதை விட்டால் சாயங்காலம்தான்.

"டீச்சரம்மா, நான் போய்ட்டு வரேன்" என்றேன்.

பேச்சு நின்றது. ஆனால் அவர் திரும்பவில்லை.

"டீச்சரம்மா."

அவர் கழுத்து லேசாக நிமிர்ந்தது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிற மாதிரி இருந்தது. கட்டிலில் அவர் தம்பியும் அப்படித்தான் இருந்தார். இன்னொரு தரம் கூப்பிட்டால் திரும்புவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். மூன்றாவது தரத்துக்குக் குரல் வரவில்லை.

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.